கடல் கடந்த மாலைப் பள்ளி

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் அமர்ந்து, நாடகம் எப்போது தொடங்கும் என்று திரைச்சீலையையே நோக்கிக் கொண்டிருக்கும் குழந்தைச் செல்வங்களே!

நாடகத்திற்கும் உங்களுக்கும் இடையே தடையாக நிற்பவன் நான் என்பதை நன்கு அறிவேன். ஆகவே சொல்ல வந்ததை வளர்த்தாமல் சொல்லி அமர முயல்வேன்.

சென்ற மாதம் நம் காலனியைச் சேர்ந்த பெண்ணொருத்தி என் இல்லம் தேடி வந்தாள். பட்டப் படிப்பை முடித்தவள்; நம் தேயிலைச் சரிவில் கொழுந்தெடுக்கும் தாய் ஒருத்தியின் மகள். "சார், வெளிநாட்டில் சில மாதம் சம்பளம் வாங்காமல் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்க ஆள் கேட்கிறார்கள். நீங்கள் அப்படிப் போய் வந்தவர். நான் போகலாமா? போனால் எப்படி இருக்க வேண்டும்?" என்று கேட்டாள். போகலாம் என்றோ, வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை. "ஆண்டு விழாவில் பேச அழைத்திருக்கிறார்கள், அங்கே சொல்கிறேன், வா" என்றேன். அவள் இதோ இக்கூட்டத்தில் அமர்ந்திருக்கிறாள். எனவே இவ்வுரை அவளுக்குரிய விடை. அவளைப் போன்ற மக்களைப் பெற்ற உங்களுக்கும் அது உரியதே.

ஒரு மரம், இரு கிளை

2019ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் மார்ச்சுத் திங்கள் முடிய மூன்று மாதம், இலங்கையின் மலைநாட்டில், ஹட்டன் நகருக்கு அப்பாலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில், முறைப்படி இசைவு பெற்று, மாலை வேளைகளில் ஆங்கிலம் கற்பித்து வந்தேன். ஊதியம் இல்லை. உண்ண உணவும் உறங்க ஓரறையும் தந்தார்கள்.

எத்தனையோ நாடுகள் இருக்க, இலங்கையை ஏன் தேர்ந்தாய் என்று சிலர் வினவக்கூடும். என் பாட்டனாரும் அவர் தம்பியும் மதுரைச் சீமையின் ஒரே ஊரினின்று பிழைப்புத் தேடிப் புறப்பட்டவர்கள். மூத்தவர் போடிநாயக்கனூர் வழியே மலையேறி இக்கண்ணன் தேவன் மலைகளுக்கு வந்தார். இளையவர் மண்டபம் முகாமில் தங்கிக் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கினார். மூத்தவர் வழி வந்தவன் உங்கள்முன் நிற்கிறேன். இளையவர் வழியினர் எங்கே இருக்கின்றனர் என்பதை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் அறியார். இங்கு அமர்ந்திருப்போரிலும் பலருக்கு இத்தகைய கதை இருக்கக்கூடும்.

1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இலங்கையில் லூல்கந்துரை என்னுமிடத்தில் தேயிலை பயிரிட்டார். 1877இல் மன்றோ என்னும் வெள்ளையர் பூஞ்ஞாறு மன்னரிடமிருந்து நம் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். இரு மலைகளிலும் காட்டைத் திருத்தியவை தமிழர் கைகள். பின்னாளில் இரு கிளைகளின் விதியும் வேறு வேறாயிற்று. இலங்கை விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரியாரும் செய்த உடன்பாட்டின்படி 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. மனிதரை மூட்டைபோல் எண்ணிப் பிரித்த அக்கணக்கில், அவர்தம் விருப்பம் ஒரு பத்தியாகக்கூட இடம்பெறவில்லை. நாடற்று எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறிற்று.

கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் புகைவண்டியில் ஏறிச் செல்கையில், ஒவ்வொரு வளைவிலும் எனக்குப் பள்ளிவாசலே தோன்றியது. அதே பச்சை, அதே மூடுபனி, சரிவில் வரிசையாய் நின்ற அதே லயங்கள். 'இது நம் ஊர், நம் மக்கள், இங்கே எனக்குப் புதிதாய்க் கற்க என்ன இருக்கிறது?' என்று இறுமாந்து இறங்கினேன். அவ்விறுமாப்பு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை.

ரொட்டியில் வழுக்கி விழுந்தேன்

தோட்டத்துக் கோயிலை அடுத்திருந்த பொது மண்டபமே எங்கள் பள்ளி. முதல் நாள் இருபத்தாறு பிள்ளைகள் வந்தனர். முப்பது ஆண்டு ஆங்கிலம் கற்பித்தவன் என்னும் செருக்கோடு, நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் எனக் கட்டம் கட்டமாகக் கரும்பலகை நிறைய எழுதினேன். "புரிந்ததா?" என்று கேட்டபோதெல்லாம், "ஓம் சேர்!" என்று ஒரே குரலாய் விடை வந்தது. நம்மூரில் நான் 'சார்', அங்கே 'சேர்'. புரிந்தது என்றே மகிழ்ந்தேன். மறுநாள் வந்தவர் பதினொருவர்.

அப்பதினொருவர்க்கும் உணவுப் பொருள்களின் பெயரைக் கற்பித்தேன். ரொட்டிக்கு உரிய ஆங்கிலச் சொல்லைச் சொல்லி, படம் வரையச் சொன்னேன். பிள்ளைகள் வட்ட வட்டமாய் வரைந்தனர். அவர்தம் ஊரில் ரொட்டி என்பது மாவில் தேங்காய்த் துருவல் கலந்து தட்டிச் சுடுவது. கடையில் விற்கும் ரொட்டிக்கு அங்கே 'பாண்' என்று பெயர். அறைக்குக் 'காம்பரா' என்பர். திண்ணைக்கு 'இஸ்தோப்பு' என்பர். இவை போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் விட்டுச் சென்ற சொற்கள். நாம் 'கட்டன்' என்று மலையாள வழக்கில் சொல்லும் பாலில்லாத் தேநீர் அங்கே 'தேத்தண்ணி'. சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டே அதைப் பருகுவார்கள்.

தமிழனுக்குத் தமிழன் கற்பிக்கச் சென்ற இடத்திலேயே இத்தனை இடறல் என்றால், மொழியும் பழக்கமும் முற்றும் வேறான நாட்டுக்குச் செல்வோர்க்கு எத்தனை இருக்கும்! அன்றிரவு என் பாடக் குறிப்பேட்டை மூடிவைத்தேன். மறுநாள் பிள்ளைகளை நோக்கி, "இன்று நீங்கள் ஆசிரியர், நான் மாணவன். உங்கள் ஊர்ச் சொற்களை எனக்குக் கற்பியுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலச் சொல்லை நான் தருகிறேன்" என்றேன். மண்டபம் கலகலத்தது. அதுகாறும் வாய் திறவாத பிள்ளைகள் முந்திக்கொண்டு பேசினர். ஒரு வாரத்தில் வராதிருந்தவர்களும் திரும்பி வந்தனர்.

சம்பளத் துண்டு

ஆயினும் என் உண்மையான பாடநூல் எனக்குக் கிடைத்தது மூன்றாம் வாரத்திலேதான். பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த தாய் ஒருத்தி, கொழுந்தெடுத்த களைப்போடு வாயிலில் நின்றவள், இடுப்பில் செருகியிருந்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். "சேர், புள்ளைகளுக்குப் படிச்சுக் குடுக்குறீங்க, சரி. இந்தச் சம்பளத் துண்டுல என்ன போட்டிருக்குன்னு எங்களுக்கும் சொல்லிக் குடுப்பீங்களா?" என்று கேட்டாள்.

தாளை வாங்கிப் பார்த்தேன். அனைத்தும் ஆங்கிலம். வேலை செய்த நாள் இத்தனை, கொழுந்து இத்தனை கிலோ, முற்பணம் இவ்வளவு, சேமலாப நிதி இவ்வளவு, கழிவு இவ்வளவு, மீதி இவ்வளவு. இருபது ஆண்டுகளாக மாதந்தோறும் அவ்வம்மையார் அத்தாளை வாங்கி வருகிறார். கடைசி வரியிலுள்ள எண் ஒன்றே அவர் அறிந்தது. அந்த எண் எவ்வாறு வந்தது என்பதை அவர் கேட்க இயலாமல், மொழி நடுவே சுவராய் நின்றது.

மறுநாள் முதல் சம்பளத் துண்டே எங்கள் வாசகம். பிள்ளைகள் அச்சொற்களை எழுதிப் பழகி, வீட்டில் தாய்க்குப் படித்துக் காட்டினர். கூட்டலும் கழித்தலும் ஆங்கிலத்தோடு சேர்ந்து வந்தன. வாயிலில் நின்ற தாய்மார் உள்ளே வந்து பின்வரிசையில் அமரலாயினர். அக்காலம், நாட்கூலி 1,000 ரூபாய் வேண்டும் என்று மலைநாடு முழுவதும் முழங்கிய காலம். 2019 ஜனவரி இறுதியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அடிப்படைச் சம்பளம் 700 ரூபாய் என்று முடிந்தது. 'அடிப்படை' என்னும் சொல்லுக்குப் பொருள் யாது, அதன் மேல் கூடுபவை யாவை என்பதைக் கரும்பலகையில் விளக்கியபோது, இலக்கணம் கற்பித்த நாளில் நான் காணாத கவனத்தை அவர்கள் முகங்களில் கண்டேன்.

நம் மூணாற்றுக் கதையையும் சொன்னேன். 2015 செப்டம்பரில் ஊக்கத்தொகையை 10 விழுக்காடாகக் குறைத்தபோது, நம் பெண்கள் தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கி நிறுத்திவிட்டுத் தாங்களே சாலையில் அமர்ந்ததையும், 20 விழுக்காடு பெற்றே எழுந்ததையும், பின்னர் 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ரூபாயானதையும் எடுத்துரைத்தேன். "நம்ம பொம்பளைங்களா? நெசமாவா சேர்?" என்று ஒரு மூதாட்டி வியந்து கேட்டார். கடலுக்கு இப்பாலுள்ள பெண்களை அவர் 'நம்ம' என்று சொன்ன அந்தச் சொல்லை நான் என்றும் மறவேன்.

அங்குள்ள பிள்ளைகள் படும் பாட்டையும் கூற வேண்டும். வீட்டில் தமிழ், நகரத்து அலுவலகத்திலும் பேருந்திலும் பெரும்பாலும் சிங்களம், மேற்படிப்பிற்கும் வேலைக்கும் ஆங்கிலம். 1987இல் செய்த அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் ஆட்சிமொழியாக்கிற்று. ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டத்தில் உள்ளது தோட்டத்திற்கு வந்து சேர நெடுங்காலம் ஆகிறது. நம் நிலையும் இதுவன்றோ? இங்கே சிங்களத்தின் இடத்தில் மலையாளம் என்பதொன்றே வேறுபாடு.

வாழ்ந்து அறிந்தவை

மாலை இரண்டு மணி நேரந்தான் வகுப்பு. எஞ்சிய பொழுதெல்லாம் அவர்கள் வாழ்வோடு வாழ்ந்தேன். தைப்பொங்கலன்று லயத்து இஸ்தோப்புகளில் வரிசையாய் அடுப்பு மூட்டிப் பொங்கினர். ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு பிடி உண்ணாமல் என்னை விடவில்லை. மாசித் திங்களில் காமன் கூத்து நடந்தது. மன்மதனைச் சிவபெருமான் எரித்த கதையைப் பல இரவுகள் பாடி ஆடுகின்றனர். பகலில் வேலை பார்த்த இளைஞர்கள் இரவில் ரதியாகவும் மதனாகவும் வேடம் பூண்டு ஆடினர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து நம் முன்னோர் தலைச்சுமையோடு கொண்டு சென்ற கலை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் அம்மலையில் அணையாமல் இருக்கிறது. நான் ஆங்கிலம் கற்பித்த மாணவன் ஒருவன் அக்கூத்தின் பாடல்களை மனப்பாடமாய்ப் பாடினான். அவனைப் 'பின்தங்கியவன்' என்று என் ஏட்டில் குறித்திருந்தேன். மறுநாள் அக்குறிப்பை அடித்துவிட்டேன்.

முன்னே சென்றோர்

பிறநாட்டுக்குச் சென்று ஆங்கிலம் கற்பித்தல் நேற்றுத் தோன்றியதன்று. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்கப் பாதிரியாருள் டேனியல் பூவர் என்பார் ஒருவர். 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைக் கல்விக்கழகத்திற்குத் தலைமை தாங்கியவர். பின் மதுரையிலும் சில ஆண்டு பணியாற்றினார். சமயம் பரப்புதலே அவர்களுடைய முதல் நோக்கம். அதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எனினும் அவர்கள் தமிழைக் கற்றனர். தம் கழகத்தில் ஆங்கிலத்தோடு தமிழுக்கும் இடம் தந்தனர். அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். ஏட்டுச் சுவடிகளில் கிடந்த வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்துத் தமிழுக்குப் பெருந்தொண்டு செய்தவர் அவரே. 1847இல் வந்த மருத்துவர் கிரீன் தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். பின்னர்த் தமிழில் கற்பிக்கத் துணிந்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். வந்தவர் மொழியைக் கற்றதனால் அவர்கள் வேலை நிலைத்தது.

நம் காலத்துத் தொண்டர் இயக்கங்களையும் சொல்ல வேண்டும். 1958இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் என்பார், பள்ளி முடித்த இளைஞர்களை வெளிநாட்டுத் தொண்டுக்கு அனுப்பும் அமைப்பைத் தோற்றுவித்தார். 1961 மார்ச்சு முதல் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி அமைதிப் படையை நிறுவினார். 1976 வரை நான்காயிரத்திற்கும் மேற்பட்ட அப்படையினர் நம் நாட்டில் பணி செய்தனர். அவர்களுள் ஒருவர் லில்லியன் கார்ட்டர் அம்மையார். 1966இல் தம் 68ஆம் வயதில் வந்து, பம்பாயை அடுத்த விக்ரோலியில் 1968 வரை செவிலியாகத் தொண்டு புரிந்தார். பின்னாளில் அவர் மகனே அமெரிக்கக் குடியரசுத் தலைவரானார். அமைதிப் படையினர் முதலில் உள்ளூர் மொழி பயின்று, ஏறத்தாழ இரண்டாண்டு தங்குவது விதி. அவ்விதியின் அருமை எனக்குப் பிற்பாடுதான் விளங்கியது.

காக்காத வாக்கு

இனி நான் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. ஆயினும் அதைச் சொல்லாவிடில் இவ்வுரை பொய்யாகிவிடும்.

மார்ச்சு இறுதியில் விடைபெறும் நாள். ஒன்பதாம் வகுப்பில் படித்த சிறுமி ஒருத்தி, சம்பளத் துண்டின் சொற்களை எல்லாரிலும் முதலில் கற்றவள், வழிவரை வந்து, "சேர், அடுத்த ஜனவரிக்கு வருவீங்கதானே?" என்று கேட்டாள். "கட்டாயம் வருவேன்" என்றேன். எண்ணிப் பாராமல், அப்போதைய நெகிழ்ச்சியில் எளிதாகச் சொல்லிவிட்ட சொல் அது.

அவ்வாண்டு ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று, கொழும்பிலும் பிற நகரங்களிலும் குண்டுகள் வெடித்தன. 'இவ்வேளையில் போக வேண்டா' என்று வீட்டார் தடுத்தனர், நானும் இசைந்தேன். 2020இல் பெருந்தொற்று உலகையே பூட்டிற்று. 2021இல் நாட்கூலி 1,000 ரூபாய் என்று அரசு ஆணையிட்டது. அம்மகிழ்ச்சி அடங்குமுன் 2022இல் இலங்கையில் பொருளாதார நெருக்கடி மூண்டு, எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். கூடிய கூலியின் மதிப்பும் கரைந்தது. ஒவ்வோராண்டும் எனக்கு ஒரு காரணம் இருந்தது. காரணங்கள் யாவும் உண்மையே. ஆயினும் காத்திருந்த பிள்ளைக்குக் காரணங்களால் என்ன பயன்?

2022ஆம் ஆண்டு இறுதியில் என் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. அச்சிறுமியே எழுதியிருந்தாள். சாதாரண தரத் தேர்வில் ஆங்கிலத்தில் தேறிவிட்டாளாம். நான் வந்த பிறகு மூத்த மாணவர்கள் சில மாதம் தாமே மாலை வகுப்பை நடத்தினார்களாம். தொற்றுக் காலத்தில் அது நின்றுபோயிற்றாம். இப்போது தன் லயத்து இஸ்தோப்பில் ஆறு பிள்ளைகளுக்கு அவள் கற்பிக்கிறாளாம். பழைய சம்பளத் துண்டுக் குறிப்பேடுதான் பாடநூலாம். கடைசியில், "சேர், எப்ப வருவீங்க?" என்று எழுதியிருந்தாள். குற்றச்சாட்டாக ஒரு சொல்லும் இல்லை. அதுவே என்னை மிகவும் சுட்டது.

இன்றுவரை நான் போகவில்லை. முழங்கால் வலியும் அகவையும் இனி இடந்தரா. வர இயலாது என்பதை இம்முறை ஒளிக்காமல் எழுதிவிட்டேன். திங்கள்தோறும் அவள் எழுதியனுப்பும் ஐயங்களுக்கு விடை எழுதி வருகிறேன்.

மகளே, என் விடை

ஆகவே, மகளே! நீ கேட்டதற்கு என் விடை இது. போகலாம். ஆனால் சிலவற்றை நெஞ்சில் நிறுத்திப் போ.

முதலாவது, யார் அழைக்கிறார்கள் என்பதை ஆராய்ந்து பார். தொண்டு செய்ய வருவோரிடமே பெருந்தொகை வாங்கும் நிறுவனங்கள் இந்நாளில் பல. அத்தொகையில் எவ்வளவு பள்ளிக்குப் போகிறது என்று கேள்; விடை தர மறுப்பவரிடம் செல்லாதே. நேபாளத்திலும் கம்போடியாவிலும், பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளையே அநாதை இல்லங்களில் வைத்து, வெளிநாட்டார் இரக்கத்தை வாணிகமாக்கிய கொடுமைகள் வெளிப்பட்டுள்ளன. உன் நல்லெண்ணம் அத்தகையோர்க்கு முதலாகிவிடக் கூடாது.

இரண்டாவது, போகுமுன் அவ்வூர் மொழியில் நூறு சொற்களாவது கற்றுக்கொள். பிழைபடப் பேசு, அவர்கள் சிரிக்கட்டும். ஆசிரியர் பிழை செய்வதைக் கண்ட மாணவர்க்குத் தாம் பிழை செய்வதில் அச்சம் நீங்கும். ஆங்கிலம் பேச நம் பிள்ளைகளுக்குத் தடையாயிருப்பது அவ்வச்சமேயன்றி அறிவின்மையன்று.

மூன்றாவது, அங்கே முன்னமே ஓர் ஆசிரியர் இருப்பார். குறைந்த ஊதியத்தில் ஆண்டெல்லாம் உழைப்பவர் அவரே. அவர் இடத்தை நீ பிடித்துக்கொள்ளாதே. அவர் அருகில் அமர்ந்து துணை செய். நீ வந்த பின்னும் பிள்ளைகளோடு இருக்கப் போகிறவர் அவர்.

நான்காவது, அவர்களுக்கு என்ன தேவை என்பதை அவர்களிடமே கேள். நான் காலங்களின் அட்டவணையைக் கொண்டு போனேன். அவர்களுக்கு வேண்டியிருந்தது சம்பளத் துண்டு.

ஐந்தாவது, பெற்றோர் இசைவின்றிப் பிள்ளைகளைப் படம் பிடித்து ஊருக்கெல்லாம் காட்டாதே. உன் தாய் கொழுந்தெடுக்கையில் சாலையோரம் வண்டியை நிறுத்திப் படம் பிடிப்போரைக் கண்டு நீயே மனம் நொந்திருக்கிறாய் அல்லவா?

கடைசியாக ஒன்று. திரும்பி வருவேன் என்று சொல்லாதே. 'வர இயலுமா என்று அறியேன். எழுதுவேன்' என்று சொல். அதைத் தவறாமல் செய்.

இக்கரையில் ஒரு மாலைப் பள்ளி

பெரியோர்களே! முதிரப்புழை ஆற்றின் நீரைக் குழாய்வழி இச்சரிவில் இறக்கி, 1940இல் இங்கே மின்சாரம் எடுத்தார்கள். திருவிதாங்கூர் அரசின் முதல் நீர்மின் நிலையம் அது. நம் மலையில் பிறந்த ஒளி எங்கெங்கோ சென்றது. நம் பிள்ளைகளும் அவ்வாறு செல்லட்டும். தடுப்பார் யாரும் இல்லை. ஆனால் ஒளியை வெளியூருக்கு அனுப்பிய வீட்டில் இருள் இருத்தல் அழகன்று.

தாய்மொழியில் தொடக்கக் கல்வி தர வேண்டும் என்று நம் அரசியலமைப்பில் 1956ஆம் ஆண்டுத் திருத்தம் ஒரு பிரிவையே சேர்த்திருக்கிறது. 350ஏ என்பது அதன் எண். மாநில எல்லைகள் வகுக்கப்பட்ட அவ்வாண்டில் நாம் கேரளத்தோடு சேர்ந்தோம். அன்றிலிருந்து நம் பிள்ளைகள் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என மும்மொழிகளையும் சுமந்து படிக்கின்றனர். அதனைச் சுமை என்று கருதுவோர் உண்டு. மூன்றும் தெரிந்தவன் எந்த அலுவலகத்திலும் தலைகுனிய வேண்டுவதில்லை என்பதையும் நாம் எண்ண வேண்டும். தமிழை விட்டு ஆங்கிலத்திற்கு ஓடுவதால் அந்நிலை வாராது. மலையாளத்தை அயலார் மொழியென்று ஒதுக்குவதாலும் வாராது.

சென்ற ஆண்டு முதல் சனிக்கிழமை மாலைதோறும் என் வீட்டுத் திண்ணையில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். ஒன்பது பேர் வருகின்றனர். அவர்களுள் இருவர் மலையாளக் குழந்தைகள். அவர்களிடமிருந்து மற்றவர் மலையாளம் கற்கின்றனர். திண்ணை சிறிது, என் குரலும் தளர்ந்துவிட்டது. இச்சங்கத்தாரிடம் நான் வேண்டுவது இரண்டு. படிப்பகத்தை வாரத்தில் ஒரு மாலை அப்பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். பட்டம் பெற்ற நம் இளைஞருள் இருவர் அப்பணியை என்னிடமிருந்து ஏற்றுக்கொள்ளுங்கள். நான் இல்லாதபோதும் அது நடைபெற வேண்டும் என்பதே என் ஆவல். அங்கே செய்யத் தவறியதை இங்கேனும் செய்துவிட்டுப் போக விரும்புகிறேன்.

மகளே, நீ கடல் கடக்க இன்னும் சில மாதம் இருப்பதாகச் சொன்னாய். அதுவரை சனிக்கிழமைகளில் வா. முதல் பாடத்தை நம் லயத்துப் பிள்ளைகளிடமே கற்றுக்கொள். உன் தாயின் சம்பளச் சீட்டையும் மறவாமல் எடுத்து வா.

குழந்தைகளே, இனி நாடகம் தொடங்கலாம்!